மொட்டை மாடியில் விளையும் மின்சாரம்!

வெயில் இலவசம், ஆனால் கணக்கு வேண்டும்

கொங்கு நாட்டில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

மழை பொய்த்தது உண்டு. கிணறு வற்றியது உண்டு. நொய்யலில் தண்ணீர் ஓடாத வருஷமும் உண்டு. ஆனால் வெயில் காயாத வருஷம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

மேற்கே மலை நிற்கிறது. அரபிக் கடலில் இருந்து வரும் மழை மேகத்தில் பெரும் பங்கை அந்த மலையே வாங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் கோவைச் சமவெளிக்குக் கிடைக்கிறது. அதனால் இங்கே மழை குறைவு, வெயில் அதிகம்.

அந்த வெயிலில் பருத்தி வெடித்தது. சோளம் முற்றியது. மொட்டை மாடியில் மிளகாயும் வடகமும் காய்ந்தன. இப்போது அதே மொட்டை மாடியில் மின்சாரம் விளைகிறது!

கோவையிலும், திருப்பூரிலும், ஈரோட்டிலும், பொள்ளாச்சியிலும் வீட்டு மாடிகளில் கரிய கண்ணாடித் தகடுகள் சாய்வாக நிற்கின்றன. அவைதான் சோலார் தகடுகள்.

"இனிமேல் கரண்ட் பில்லே கிடையாதாம்!" என்கிறார் ஒருவர்.

"அதெல்லாம் வீண் செலவு. போட்ட பணம் திரும்பாது" என்கிறார் இன்னொருவர்.

இருவர் பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

வெயில் இலவசம். தகடு இலவசம் அல்ல. தன் வீட்டு மின்சாரச் செலவைத் தெரிந்துகொண்டு தகடு வாங்குகிறவருக்கு லாபம். தெரியாமல் வாங்குகிறவருக்கு மிச்சம் ஆவது கடன்தான்.

மணலில் இருந்து மின்சாரம்

வெயில் எப்படி மின்சாரம் ஆகிறது?

1839-ம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் பெக்கரல் என்ற 19 வயது இளைஞர் ஒரு சோதனை செய்தார். வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் உண்டாகிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் அது மிகச் சொற்பமான மின்சாரம். யாருக்கும் உபயோகப்படவில்லை.

நூறு வருஷத்துக்கு மேல் கழிந்தது. 1954-ல் அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த மூன்று விஞ்ஞானிகள் சிலிக்கானைக் கொண்டு ஒரு தகடு செய்தார்கள். மணலில் இருப்பதுதான் சிலிக்கான். அந்தத் தகட்டில் வெளிச்சம் பட்டதும் ஒரு பொம்மை ராட்டினம் சுழன்றது! பார்த்தவர்கள் அதிசயித்தார்கள்.

அந்தத் தகடு, தன் மேல் விழுந்த சூரிய சக்தியில் நூற்றில் 6 பங்கைத்தான் மின்சாரமாக மாற்றியது. விலையோ மிக அதிகம். ஆகவே முதலில் அது வீட்டுக்கு வரவில்லை, ஆகாயத்துக்குப் போனது! 1958-ல் அமெரிக்கா விட்ட "வான்கார்டு" என்ற செயற்கைக்கோளில் சோலார் தகடுகள் இருந்தன.

இன்று வீடுகளுக்கு வரும் நல்ல தகடுகள் நூற்றில் 20 பங்குக்கு மேல் மின்சாரமாக மாற்றுகின்றன. விலையும் இறங்கிவிட்டது.

தகட்டில் இருந்து வருவது பாட்டரியில் இருந்து வருவது போன்ற மின்சாரம். அதை அப்படியே மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் கொடுக்க முடியாது. நடுவில் இன்வெர்ட்டர் என்ற பெட்டி இருக்கிறது. அது அந்த மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது.

பைக்காராவில் இருந்து மாடி வரை

கோவைக்கு மின்சாரத்தின் அருமை நன்றாகத் தெரியும்.

நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. மலையில் இருந்து விழுந்த தண்ணீர் மின்சாரம் ஆயிற்று. அந்த மின்சாரம் சமவெளிக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. பட்டறைகள் பெருகின. கிணற்று மேட்டில் மாடு இழுத்த கவலை போய், மோட்டார் வந்தது. அந்த மோட்டாரையும் பம்பையும் கோவையே செய்து ஊர் ஊராக அனுப்பியது!

மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கோவை பார்த்திருக்கிறது. 2012-ல் கடுமையான மின்வெட்டு. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. விசைத்தறி நின்றது. பட்டறை நின்றது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தார்கள்.

"நம் மின்சாரத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியாதா?" என்ற எண்ணம் அப்போது பலருக்கு வந்தது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் வீட்டு மாடிச் சோலாருக்கு ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. "பிரதம மந்திரி சூரிய வீடு" திட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். நாடு முழுவதும் 1 கோடி வீடுகளில் தகடு வைப்பது அதன் இலக்கு.

அந்தத் திட்டம் அறிவித்த மானியம் இதுதான்:

1 கிலோவாட்டுக்கு ரூ.30,000.

2 கிலோவாட்டுக்கு ரூ.60,000.

3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இந்த மானியம் முன்கூட்டி வருவது அல்ல. தகடு வைத்து, மின்வாரியம் மீட்டர் மாட்டி, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணத்துக்கும் வீட்டுக்காரர்தான் வழி செய்ய வேண்டும். "தகடே இலவசம்" என்று யாராவது வீட்டு வாசலில் வந்து சொன்னால், உடனே கையெழுத்துப் போட வேண்டாம்!

பகலில் கொடு, இரவில் வாங்கு

1 கிலோவாட் தகடு வைக்கச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் கொடுக்கும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட்.

ஆனால் சூரியன் பகலில்தான் வேலை செய்கிறது. வீட்டில் மின்சாரம் அதிகம் செலவாவதோ இரவில்! பகலில் ஆண்கள் வேலைக்குப் போகிறார்கள். பெண்களிலும் பலர் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் மின்சாரம் தேங்குகிறது. அதை என்ன செய்வது?

அடுத்த வீட்டுக்கு ஒரு படி அரிசி கைமாற்றுக் கொடுக்கிறோம். நமக்கு வேண்டும்போது ஒரு படி திரும்ப வாங்கிக்கொள்கிறோம். அதே முறைதான் இங்கும்.

பகலில் மிஞ்சுகிற மின்சாரம் கம்பி வழியே மின்வாரியத்துக்குப் போகிறது. இரவில் வேண்டிய மின்சாரம் அதே கம்பி வழியே வீட்டுக்கு வருகிறது. போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது. வந்ததில் போனதைக் கழித்துக் கணக்குப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவு, வீடுகளுக்கு இந்தக் கழித்தல் முறையை அனுமதித்தது. கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கணக்கு வேறு.

யாருக்கு லாபம்?

இதுதான் முக்கியமான கேள்வி.

நம் ராஜ்யத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அதன்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ.1,725 கட்டணம். 510 யூனிட் செலவழித்த வீட்டுக்கு எவ்வளவு தெரியுமா? ரூ.2,030! பத்தே யூனிட் கூடியது, பணம் ரூ.305 கூடியது. 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடும். அதுதான் காரணம்.

இப்போது மூன்று கணக்குகளைப் பார்ப்போம். அடக்க விலையை ஓர் உத்தேசமாக வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் தகட்டுக்கு ரூ.2 லட்சம். 1 கிலோவாட்டுக்கு ரூ.75,000.

முதல் கணக்கு: பெரிய வீடு. குளிர்சாதனம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். கட்டணம் ரூ.3,650. இந்த வீடு 3 கிலோவாட் வைத்தால் அநேகமாக எல்லா யூனிட்டும் மாடியிலேயே விளைந்துவிடும். மானியம் போக அடக்கம் ரூ.1,22,000. வருஷத்துக்கு ரூ.21,900 மிச்சம். போட்ட பணம் சுமார் ஐந்தரை வருஷத்தில் திரும்பும்.

இரண்டாவது கணக்கு: அதே 700 யூனிட் வீடு. ஆனால் 1 கிலோவாட் மட்டும் வைக்கிறது. இரண்டு மாதத்தில் 240 யூனிட் விளையும். மின்வாரியத்தில் வாங்குவது 460 ஆகக் குறையும். கட்டணம் ரூ.1,485-க்கு இறங்கும். வருஷத்துக்கு ரூ.12,990 மிச்சம். மானியம் போக அடக்கம் ரூ.45,000. பணம் மூன்றரை வருஷத்தில் திரும்பும்!

இது ஏன்? முதலில் வைக்கும் தகடு, விலை கூடிய யூனிட்டுகளை வெட்டுகிறது. அடுத்து வைக்கும் தகடு, விலை குறைந்த யூனிட்டுகளை வெட்டுகிறது. ஆகவே "பெரியதாக வைத்தால்தான் லாபம்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

மூன்றாவது கணக்கு: சிறிய குடும்பம். நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டெலிவிஷன், மிக்ஸி, கிரைண்டர். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். கட்டணம் ரூ.225. வருஷத்துக்கு ரூ.1,350தான். இந்தக் குடும்பம் 1 கிலோவாட் வைத்தால், ரூ.45,000 திரும்ப 33 வருஷம் ஆகும். நல்ல தகட்டுக்குக் கம்பெனிகள் பொறுப்பு ஏற்பதோ சாதாரணமாக 25 வருஷம்! நடுவில் இன்வெர்ட்டரை மாற்றும் செலவும் உண்டு.

இந்தக் குடும்பம் கடன் வாங்கித் தகடு வைத்தால், கட்டணத்தைவிட வட்டி அதிகமாகிவிடும். ஆகவே அது வேண்டாம். பழைய விளக்கை மாற்றி எல்.இ.டி. விளக்குப் போட்டாலே போதும்.

2022-க்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, இனியும் மாறலாம். ஆகவே தகடு வாங்க நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது பணப்பை அல்ல. மின்வாரியக் கணக்கு அட்டை! ஒரு வருஷத்துக்கு உண்டான ஆறு கணக்குகளையும் கூட்டிப் பாருங்கள். யாருக்கு எத்தனை கிலோவாட் என்பதை அந்த அட்டையே சொல்லிவிடும்.

"ஏன் கண்ணு, கரண்ட் இல்லை?"

தகடு வைத்த வீடுகளில் முதல் மின்தடை அன்று ஒரு வேடிக்கை நடக்கும்.

உச்சி வெயில். மாடியில் தகடு பளபளக்கிறது. கீழே மின்விசிறி நின்றுவிடுகிறது!

"ஏன் கண்ணு, மேலே இத்தனை வெயில் காயுது. நம்ம ஊட்டுல மட்டும் ஏன் கரண்ட் இல்லை?" என்று பேரனைக் கேட்கிறார் அப்பத்தா.

"தகடு கெட்டுப் போச்சாட்ட இருக்குது, அப்பத்தா" என்கிறான் பேரன்.

தகடு கெடவில்லை. அது நிற்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கரண்ட் போனால் என்ன அர்த்தம்? எங்கேயோ ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் அவர் தொடுகிறார். அந்த நேரத்தில் வீட்டு மாடியில் விளைந்த மின்சாரம் கம்பிக்குப் போனால்? அது டிரான்ஸ்பார்மருக்குப் போய்ப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். ஓர் உயிர் போய்விடும்!

ஆகவே மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றதும், இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடுகிறது. கம்பத்தில் இருப்பவரின் மனைவி மக்களை நினைத்தால், நம் வீட்டு விசிறி அரை மணி நேரம் நிற்பது பெரிது அல்ல.

கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்றால், பாட்டரியோடு சேர்ந்த இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அது கம்பியைத் துண்டித்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். ஆனால் அதற்குப் பணம் அதிகம். பாட்டரியைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்த ஆளை வைத்து வீட்டிலேயே ஒயரை மாற்றிப் போடுவது மட்டும் கூடவே கூடாது!

ஒரு தென்னை ஓலை போதும்

சோலார் தகட்டுக்குப் பெரிய எதிரி மழை அல்ல, நிழல்!

ஒரு தகட்டில் பல சிறு சிறு கட்டங்கள் இருக்கின்றன. அவை மாலையில் பூக்கோத்தது போல வரிசையாக இணைந்தவை. ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும், வரிசையில் மின்சாரம் தடைப்படும். பொள்ளாச்சிப் பக்கம் வீட்டைச் சுற்றித் தென்னை மரங்கள். ஓர் ஓலையின் நிழல் தினமும் இரண்டு மணி நேரம் விழுந்தால் போதும், வரவு குறைந்துவிடும். ஆகவே காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மாடியில் எங்கெங்கே நிழல் விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் மறக்கக் கூடாது.

தகடு தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறது. அதனால் வருஷத்தில் பெரும் பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது.

வெயில் சுட்டால் மின்சாரம் அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அல்ல. தகடு சூடேறினால் மின்சாரம் சற்றுக் குறையவே செய்யும். ஆகவே தகட்டுக்கு அடியில் காற்று ஓடும்படி இடம் விட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் வந்து கவியும். அப்போது வரவு இறங்கும். மாசி, பங்குனியில் வானம் தெளிந்திருக்கும், வரவு ஏறும். ஒரு மாதத்தை வைத்து லாப நஷ்டம் பேசக் கூடாது. விவசாயத்தைப் போலவே இதற்கும் வருஷக் கணக்குத்தான் சரி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. தகட்டைத் தாங்கும் சட்டம் அந்தக் காற்றுக்கும் நிற்க வேண்டும்.

தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் கழுவ வேண்டும். விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது கழுவுவது நல்லது. உச்சி வெயிலில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். போர்வெல் உப்புத் தண்ணீர் வெள்ளைப் படலத்தை விட்டுவிடும். நல்ல தண்ணீர் ஒரு வாளியும், மெல்லிய துணியும் போதும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 3 கிலோவாட் தகடு 300 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். வடகம் எங்கே காய வைப்பது? துணி எங்கே உலர்த்துவது? தகடு வைக்க ஆள் வரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சட்டத்தை உயர்த்தி வைத்தால் அடியில் ஆள் நடமாடலாம். செலவு கொஞ்சம் கூடும், மாடி மிஞ்சும்.

ஓடந்துறை போட்ட கணக்கு

கணக்குப் பார்த்துச் செய்தால் ஓர் ஊரே முன்னேறலாம் என்பதற்குக் கோவை ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை பஞ்சாயத்து. 1996-ல் சண்முகம் என்பவர் அதன் தலைவர் ஆனார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்சாரச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. பஞ்சாயத்து பல வழிகளைச் சோதித்தது. மரக்கழிவில் இருந்து வாயு உண்டாக்கி, அதைக் கொண்டு தண்ணீர் இறைத்துப் பார்த்தது. சூரிய சக்தியில் தெருவிளக்கு எரித்துப் பார்த்தது.

பிறகு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 2006-ல் ரூ.1 கோடியே 55 லட்சம் செலவில் ஒரு காற்றாலையையே வாங்கிவிட்டது! அதன் சக்தி 350 கிலோவாட். பஞ்சாயத்தின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கினார்கள்.

காற்றாலையை ஓடந்துறையில் வைக்கவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் வைத்தார்கள். ஏன்? காற்று அங்கேதான் நன்றாக வீசுகிறது! ஊர்ப் பெருமை பார்க்கவில்லை; கணக்குப் பார்த்தார்கள். ஊருக்கு வேண்டியது போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்குப் போயிற்று. ஊருக்கு வருமானம் வந்தது. வெளிநாட்டில் இருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

தமிழ்நாடு அரசாங்கம் 2011-ல் ஏழைகளுக்குச் சூரிய சக்தி பசுமை வீடுகள் கட்டித் தரத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு. ஐந்து சோலார் விளக்குகள். அந்த வீடுகள் ஓடந்துறையிலும் எழுந்தன.

அட்டையை எடுங்கள்!

பைக்காராவின் தண்ணீரும், மைவாடியின் காற்றும், மொட்டை மாடியின் வெயிலும் இயற்கை கொடுத்த செல்வம். அவற்றுக்கு விலை இல்லை. அவற்றைப் பிடித்துத் தரும் இயந்திரத்துக்குத்தான் விலை உண்டு.

ஆகவே தகடு வைக்க விரும்புகிறவர்கள் மூன்று காரியங்களை வரிசையாகச் செய்ய வேண்டும்.

ஒன்று: மின்வாரிய அட்டையைப் பார்த்து, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று கூட்ட வேண்டும்.

இரண்டு: மாடியில் ஏறி, நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று: அரசாங்கத்தில் பதிவு செய்த இரண்டு மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்க வேண்டும். தகட்டுக்கு எத்தனை வருஷம் பொறுப்பு, இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷம் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

கணக்கு லாபம் என்று சொன்னால் தயங்க வேண்டாம். நஷ்டம் என்று சொன்னால் வருந்தவும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ரூ.225 கட்டும் வீடு, ஏற்கெனவே சிக்கனமான வீடுதான். அந்த வீட்டு மாடியில் வெயில் வடகத்தைக் காய வைக்கட்டும். அதுவும் லாபம்தான்!